முப்பது குழி அட்டை

"காணாமப் போன நட்டை எவன்யா தேடுவான்? புதுசு ஒண்ணப் போட்டு முறுக்கிட்டுப் போயிட்டே இருக்கணும்."

நட்டு, போல்ட் விற்கும் கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஏதோ பம்புசெட்டைப் பற்றி. சிரித்துக்கொண்டே இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

வரதராஜுலு அங்கேயே நின்றார். அவர் வாங்க வந்தது துரு தேய்க்கும் எமரித்தாள். வாங்கியாகிவிட்டது.

"வேற என்ன வேணுங்க சார்?" என்றார் கடைக்காரர்.

வரதராஜுலு சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு சின்னப் பித்தளை நட்டை எடுத்துக் காட்டினார். பட்டாணியில் பாதி இருக்கும்.

"இதே அளவு இருக்குங்களா?"

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

கடைக்காரர் அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீடு வரும்வரை வரதராஜுலு அந்தப் பொட்டலத்தைப் பைக்குள் போடவில்லை. ஸ்கூட்டரின் கைப்பிடியோடு சேர்த்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

கோயம்புத்தூருக்கு செல்போன் வராத காலம் அது.

அந்தக் கார் கோத்தகிரியில் ஒரு தேயிலைக் கிடங்குக்குள் இருபது வருடம் கிடந்தது. இத்தாலியில் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை துணியால் ஆனது. அதை எலிகள் தின்றுவிட்டிருந்தன. கிடங்கின் சொந்தக்காரர் வரதராஜுலுவிடம் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். "சார், நீங்க கேட்டா எடுத்துட்டுப் போங்க, எனக்கு இடம் மிச்சம்" என்றார்.

லாரியில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் இறக்கியபோது மனைவி சுலோசனா கேட்டாள்: "ஏனுங்க, இது காருங்களா, கார் இருந்த இடமுங்களா?"

அப்போது வரதராஜுலுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த நசீமாவைத் தேடிப் போனார். நசீமாவுக்கு முப்பத்து நான்கு. பந்தயக் கார்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர். நரைத்த மெக்கானிக்குகளும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வண்டியைக் கொண்டு வந்து விட்டுட்டுப் போங்க சார்" என்றார் நசீமா.

"விட வரலைங்க. கத்துக்க வந்தேன்."

"என்ன கத்துக்கணும்?"

"பிரிச்சுப் பூட்ட."

நசீமா அவர் கைகளைப் பார்த்தார். சாக்பீஸ் பிடித்த கைகள்.

"நகத்துக்குள்ள போற கறுப்பு போகாது."

"இருக்கட்டுங்க."

"நான் வந்து ஸ்டூல்ல உட்காருவேன். சொல்லுவேன். ஸ்பேனரைத் தொட மாட்டேன். நான் தொட்டா அது நான் செஞ்ச வண்டி ஆயிரும்."

"சரிங்க மேஸ்திரி."

தன்னைவிட இருபத்து நான்கு வயது இளையவரை அவர் அப்படிக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அதன் பிறகு வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. நசீமாவும் அவரை சார் என்பதை விடவில்லை.

முதல் நாள் நசீமா கொண்டு வந்தது ஒரு முட்டை அட்டை. முப்பது குழி. ஒவ்வொரு குழிக்குள்ளும் மை பேனாவால் எண் எழுதியிருந்தது.

"கழட்டற ஒவ்வொண்ணும் ஒரு குழிக்குப் போகணும். பூட்டற ஒவ்வொண்ணும் அதே குழியிலிருந்து வரணும். வேலை முடிஞ்சதும் நான் கேப்பேன். நீங்க சொல்லுவீங்க. அவ்வளவுதான்."

"நீங்க பார்க்க மாட்டீங்களா?"

"நான் கேப்பேன் சார்."

பிரேக் வேலை முடிந்த அன்று கேட்டார்.

"அட்டை?"

"காலி."

கியர்பாக்ஸ் வேலை முடிந்த அன்றும் கேட்டார்.

"அட்டை?"

வரதராஜுலு பூட்டி முடித்த பெட்டியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். இருபத்திரண்டாம் குழியில் ஒரு வளையம் மிச்சம் இருந்தது.

"இருபத்திரெண்டு இருக்குங்க."

"சரி" என்று நசீமா எழுந்து போய்விட்டார். மறுபடி பிரித்துப் பூட்டப் பதினொரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் "அட்டை?" என்றார். "காலி" என்றார் இவர். நசீமா தலையைக்கூடத் திருப்பாமல் தேநீர் குடித்தார்.

எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டில் ஒரு விரிசல் இருந்தது. அலுமினியம். அதை ஒட்டவைத்து வாங்க எட்டு மாதம் ஆனது. எங்கெங்கோ கடிதம் எழுதிக் கேட்டும் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை.

"இன்னொரு அடியைத் தாங்காது சார்" என்றார் நசீமா. "வாங்கிச்சுன்னா ஷோகேஸ்ல வெச்சுப் பார்க்க வேண்டியதுதான்."

அந்தத் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் வைக்க வேண்டிய மெல்லிய கேஸ்கட் தகடு, மிலானிலிருந்து கப்பல் தபாலில் வந்து சேர நான்கு மாதம் பிடித்தது. ஒருமுறை வைத்து முறுக்கிவிட்டால் அது நசுங்கிப் படிந்துவிடும். திறந்தால் மறுபடி உதவாது. ஒன்றுதான் வந்தது.

பதினான்காம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு முதன்முதலாக ஸ்டார்ட் செய்வது என்று முடிவானது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் ஐந்து பேரை வரதராஜுலு அழைத்திருந்தார்.

அதற்கு முந்தைய நாள் காலையில் அவர் ஷெட்டில் தனியாக இருந்தார்.

எஞ்சின் மூச்சை உள்ளே இழுப்பதற்கு நான்கு வாய்கள் உண்டு. நான்கும் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வாயிலும் நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணைசு மாதிரி ஓர் அலுமினியக் குழல். ஒவ்வொரு குழலுக்கும் இரண்டு பித்தளை நட்டு. மொத்தம் எட்டு.

"வாயைத் துணியால அடைக்காம அந்தப் பக்கம் குண்டூசியக்கூடக் கொண்டு போகாதீங்க" என்று நசீமா சொல்லியிருந்தார்.

அடைத்துவிட்டுத்தான் வரதராஜுலு வேலை செய்தார். ஏழு நட்டு முறுக்கியாகிவிட்டது. எட்டாவது கையில் இருந்தது. அப்போது அவருக்கு உள்ளே பார்க்கத் தோன்றியது.

துணிகளை எடுத்தார். இடது கையால் நெம்புகோலை அழுத்தினார். நான்கு வாய்களுக்குள்ளும் நான்கு தகடுகள் ஒரே நேரத்தில் திரும்பின. அவரே தேய்த்துப் பளபளப்பாக்கிய தகடுகள். நன்றாக இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினார்.

டிங்.

வலது கையில் நட்டு இல்லை.

நெம்புகோலை விட்டார். தகடுகள் மூடிக்கொண்டன.

தரையில் தேடினார். டார்ச் அடித்துத் தேடினார். காருக்கு அடியில் படுத்துத் தேடினார். காந்தத்தைக் கயிற்றில் கட்டி எடுத்தவர், பித்தளை என்று ஞாபகம் வந்து கீழே வைத்தார். நான்கு வாய்க்குள்ளும் டார்ச் அடித்தார். உள்ளே வழி வளைந்து போனது. வளைவுக்கு அப்பால் தெரியவில்லை.

பிறகு ஒன்று செய்தார். எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. இடிக்கவில்லை என்றதும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

"என்னத்தைத் தேடறீங்க?" என்று ஷெட் வாசலில் நின்று கேட்டாள் சுலோசனா.

"ஒண்ணுமில்ல. எமரித்தாள் தீர்ந்துபோச்சு."

முறுக்கிய ஏழில் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடை.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கெல்லாம் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். பொன்னுரங்கம் முன்னால் வந்தார். மில் முதலாளி, வரதராஜுலுவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவரிடம் ஆறு பழைய கார்கள் இருந்தன. ஒன்றின் பானெட்டையாவது அவர் கையால் திறந்ததில்லை.

நசீமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேஸ்திரி, எங்க ராஜுலு தேறிட்டானா?" என்றார் பொன்னுரங்கம்.

"அவரையே கேளுங்க."

"பத்தாங்கிளாஸ்ல இவன் ஒரு கரென்ட் மணி செஞ்சான். கண்காட்சி அன்னிக்கு அது அடிக்கவே இல்ல. கலெக்டர் நிக்கிறார். ஹெட்மாஸ்டர் பாவம், பின்னாடி ஒளிஞ்சுட்டு வாயாலயே டிங், டிங்னு சொன்னார்."

எல்லோரும் சிரித்தார்கள். வரதராஜுலு சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்கிட்டான் பாரு."

"இல்லப்பா."

"முகம் ஏன் இப்படி இருக்குது? பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி?"

சுலோசனா கேசரித் தட்டோடு வந்தாள். "ஓடினதுக்கப்புறந்தான் கேசரி. ஓடலைன்னா வெறும் தண்ணிதான்" என்றாள். மறுபடி சிரித்தார்கள்.

நாலு மணி ஆனது.

நசீமா கேட்டார்.

"அட்டை?"

மேஜை மேல் அட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து எதுவும் விழவில்லை.

"காலி" என்றார் வரதராஜுலு.

"ஒரு தடவை நீங்க சரிபார்த்துடலாமில்ல மேஸ்திரி?" என்றார் பொன்னுரங்கம்.

"அதான் சொல்லிட்டாருங்களே."

நசீமா தன் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். பதினான்கு மாதமாக அது அவரிடம்தான் இருந்தது. வரதராஜுலு வாங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தார். தாழ்வான இருக்கை. பானெட் மூக்குப் பக்கமாக மேலே திறந்து நின்றது. கண்ணாடி வழியாக எஞ்சினும் நான்கு வாய்களும் அவருக்கு நேராகத் தெரிந்தன.

சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு கேட்கலாங்களா?"

"கேளுங்க."

"எல்லாம் சரியா இருக்குன்னு எப்படி நம்பறது?"

நசீமா ஸ்டூலிலிருந்து எழுந்தார். பையிலிருந்து ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்தார். எஞ்சின் எந்த வாயில் எவ்வளவு மூச்சு இழுக்கிறது என்று கேட்க வைத்திருப்பது. தலையில் சுற்றியிருந்த துணியை இழுத்துப் பின்னால் முடிச்சுப் போட்டார். இடது காது வெளியே தெரிந்தது. அந்தக் காதின் மடல் பாதி சுருங்கியிருக்கும். பிறவியிலேயே அப்படி என்று வரதராஜுலு நினைத்திருந்தார். கேட்டதில்லை.

நசீமா காரின் பக்கத்தில் மண்டியிட்டார். குழாயின் ஒரு முனையை வலது காதில் வைத்தார். மறுமுனையை மூன்றாம் வாய்க்குள் வைத்தார். அவர் முகத்துக்கும் அந்த நான்கு வாய்களுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

"திருப்புங்க சார்."

பொன்னுரங்கத்துக்கே பதறியது. கார் ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துதான்.

"அம்மிணி, தள்ளி நில்லுங்க. மொதல் ஸ்டார்ட்டுல அது நெருப்பாத் தும்மும்."

"ஏனுங்க தும்முது?"

"உள்ளார ஏதாவது தப்பா இருந்தா…"

"காலின்னு சொல்லிட்டாருங்க."

வரதராஜுலு சாவியைப் பாதி திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் பெட்ரோல் பம்பு டிக் டிக் டிக் என்று அடித்து, நிரம்பியதும் நின்றது. ஷெட்டில் வேறு சத்தமில்லை. யாரோ தட்டை மேஜையில் வைத்தார்கள்.

காற்று வரும் வழியைத் திறந்து மூடும் வால்வின் இடுக்கில் ஒரு நட்டு சிக்கினால் வால்வு மூடாது. மூடாத வால்வு வழியாக நெருப்பு உள்ளே நிற்காமல் வாய்ப் பக்கம் வரும். இதை வரதராஜுலுவுக்குச் சொல்லிக்கொடுத்தது நசீமாதான். கரும்பலகைக்குப் பதிலாக ஷெட் சுவரில் கரித்துண்டால் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் படம் இன்னும் சுவரில் இருந்தது.

சிக்காமலும் இருக்கலாம். உள்ளே இல்லாமலே இருக்கலாம். இரண்டு சுற்று சுற்றியும் இடிக்கவில்லையே.

"மேஸ்திரி, கொஞ்சம் தள்ளி வாங்க."

"ஏன் சார்?"

"சும்மாதான் சொல்றேன்."

"இங்க இருந்தாத்தான் எனக்குக் கேக்கும்."

"அப்புறமாக் கேட்டுக்கலாங்க."

"மொத மூச்சைக் கேக்கணும் சார். நீங்க திருப்புங்க."

நசீமா கண்களை மூடிக்கொண்டார். அவர் எப்போதும் கண்களை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

வரதராஜுலுவின் கட்டைவிரல் சாவியின் மேல் இருந்தது. நகத்தின் ஓரம் கறுப்பாக இருந்தது.

"என்னடா, பெட்ரோல் தீர்ந்துரப் போகுது" என்றார் பொன்னுரங்கம். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வரதராஜுலு சாவியைப் பின்னால் திருப்பினார். விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து, கையை ஊன்றி, மெதுவாக இறங்கினார்.

"அட்டை காலி இல்லீங்க."

நசீமா கண்ணைத் திறந்தார்.

"நேத்துக் காலையில ஒரு நட்டு விழுந்துச்சு. துணியை எடுத்துட்டேன். கிடைக்கல. கடையில ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன்."

நசீமா குழாயைக் காதிலிருந்து எடுத்தார். எழுந்து நிற்க ஒரு கையால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். காரை அவர் தொட்டு வரதராஜுலு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விழுந்ததுக்கப்புறம் எஞ்சினைச் சுத்தினீங்களா?"

"ரெண்டு சுத்து."

நசீமா ஸ்டூலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கேள்வியிலிருந்தே வரதராஜுலுவுக்குப் புரிந்தது. சுற்றியபோது வால்வு திறந்து மூடியிருக்கும். வழியில் கிடந்திருந்தால் இப்போது வழியில் இருக்காது, எஞ்சினுக்குள்ளே விழுந்திருக்கும்.

"அட, இங்கதான் எங்கயாவது தரையில உருண்டிருக்கும்யா" என்றார் பொன்னுரங்கம். "ஒரு நட்டுக்கா இவ்வளவு? மேஸ்திரிய நகரச் சொல்லிட்டுத் திருப்பு. நாங்க அஞ்சு பேரும் சாட்சி, ஆனது ஆகட்டும்."

"இல்லப்பா."

"பயமா?"

"ஆமா."

பொன்னுரங்கம் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேசரி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் சுலோசனா. "தண்ணியும் இருக்குது."

சாப்பிட்டார்கள். வாசலில் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. "கரென்ட் மணி மாதிரியேதான்" என்று யாரோ மெதுவாகச் சொன்னதும் கேட்டது.

வரதராஜுலு அட்டையை நிமிர்த்தி வைத்தார். குழல்களைக் கழற்றினார். ஏழு பழைய நட்டுகளும் ஏழு குழிகளுக்குப் போயின. புது நட்டை ஜன்னல் கட்டையில் வைத்தார். எட்டாம் குழியில் எதுவும் வைக்கவில்லை. அடுத்து கார்புரேட்டர்களைப் பிடித்திருந்த எட்டு நட்டுகளும் ஒன்பதிலிருந்து பதினாறுவரை இறங்கின. இரண்டு கார்புரேட்டர்களையும் தூக்கி மேஜையில் வைத்தார். எஞ்சினின் பக்கத்தில் நான்கு துளைகள் திறந்து நின்றன.

முதல் துளையில் டார்ச் அடித்தார். ஒன்றுமில்லை.

இரண்டாவதில் ஒன்றுமில்லை.

மூன்றாவதில் வெகுநேரம் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். எண்ணெய்தான் இருந்தது.

நான்காவதிலும் இல்லை.

இதற்குள் சுலோசனா ஷெட்டை முழுக்கப் பெருக்கியிருந்தாள். குப்பையை முறத்தில் அள்ளி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய், அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கையை விரித்துக் காட்டினாள்.

"என்ன?"

"மூணு வருஷம் முந்தி தொலைச்ச என் கம்மல் திருகாணி. உங்க நட்டைக் காணோம்."

திருகாணியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். ஷெட்டில் நசீமாவும் வரதராஜுலுவும் இருந்தார்கள். வெயில் இறங்கி வாசற்படிவரை வந்திருந்தது.

பிளக் துளை வழியாகவும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிஸ்டனின் நடுப்பாகம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. ஓரத்தில், வால்வுக்காக வெட்டிய பள்ளம் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தில் ஒரு சின்ன நட்டு எதையும் இடிக்காமல் கிடக்க முடியும். கையால் மெதுவாகச் சுற்றும்போது மட்டும்.

வரதராஜுலு கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு வழியும் பார்த்தாச்சுங்க."

"ம்."

"தரையும் பார்த்தாச்சு. எங்கயோ தெறிச்சுப் போயிருக்கும் மேஸ்திரி."

"இருக்கலாம்."

"ஹெட்டைத் தூக்கினா கேஸ்கட் போயிரும்."

"ஆமா."

"மறுபடி மிலானுக்கு எழுதணும். நாலு மாசம். அதுவும் அனுப்பினாத்தான்."

"ஆமா."

"தூக்கிப் பார்த்தா உள்ளே ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம் சார்."

எல்லாவற்றுக்கும் அவர் ஒப்புக்கொண்டே வந்தது வரதராஜுலுவை என்னவோ செய்தது. அவர் நசீமாவின் காதைப் பார்த்தார். துணி இன்னும் பின்னால் முடிச்சுப் போட்டபடியே இருந்தது.

"அந்தக் காது… பிறவியிலேயே அப்படிங்களா?"

"இல்லீங்க. ஏழு வருஷம் ஆச்சு. ஒரு பந்தய வண்டி. உள்ளே ஒரு துணியை விட்டுட்டாங்க."

"அட்டை கேட்கலையா நீங்க?"

"அட்டையெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. எல்லாம் சரிதானேன்னு கேட்டேன். சரின்னாங்க."

வரதராஜுலு ஜன்னல் கட்டையைப் பார்த்தார். வெயிலில் புது நட்டு மின்னியது.

"இன்னிக்கு நான் மறைச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"காதை வெச்சிருக்க மாட்டேன் சார். இருக்கறது இன்னொரு காதுதானே."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு துணியின் முடிச்சை அவிழ்த்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ரப்பர் குழாயைப் பைக்குள் போடவில்லை. கார்புரேட்டர்களுக்குப் பக்கத்தில், மேஜைமேல் வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டார்.

வாசலில் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"அடுத்த தடவை நீங்க கூப்பிடறப்போ வந்து, அதே இடத்துல காதை வெப்பேன் சார். எப்ப வரட்டும்? சொல்லுங்க."

வரதராஜுலு காரின் பக்கம் திரும்பினார்.

பிறகு கொடியிலிருந்து தன் பழைய வேட்டியை எடுத்து நான்கு துண்டாகக் கிழித்தார். நான்கு துளைகளையும் ஒவ்வொன்றாக அடைத்தார். ரேடியேட்டருக்கு அடியில் வாளியை வைத்து அதன் திருகைத் திறந்துவிட்டார். தண்ணீர் வாளியில் விழும் சத்தத்துக்கு நடுவே, எஞ்சின் தலையைத் தூக்குவதற்காக அதன் மூடியின் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். அதைக் கழற்றி எடுத்துப் பதினேழாம் குழியில் வைத்தார்.